கும்பத்தடியில் வைத்த காந்தம்

விஜயதசமிக் காலை, கும்பத்தடியிலிருந்து கண்ணாடிக் குப்பியை எடுத்த கோபிகா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆய்வுக்காக அவள் வளர்த்த, கருகருவென்று மின்ன வேண்டிய பளிங்குகளைக் காணவில்லை. அடியில் கோப்பி மண்டிபோல ஏதோ அப்பிக் கிடந்தது. குப்பிக்கு வெளியே மட்டும் சந்தனமும் குங்குமமும் அமர்க்களமாக இருந்தன.

"அம்மா! இதைத் திறந்தனீங்களோ?"

பாலேஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஓம் பிள்ளை. ஒரே வினாகிரி நாத்தம். உந்தப் புளிச்ச தண்ணியை எப்பிடிச் சரஸ்வதிக்கு முன்னாலை வைக்கிறது? ஊத்திப்போட்டு, மஞ்சள் தண்ணியாலை அலம்பி வச்சனான். கல்லு ஒண்டையும் வெளியிலை விடேல்லை."

அலம்பினாளாம்! வருடக்கணக்கான பாடு ஒரு செம்புத் தண்ணீரோடு போய்விட்டது. வளர்ந்த கரைசலுக்குள்ளேயே கிடந்தால்தான் அந்தப் பளிங்குகளுக்கு உயிர். மின்வெட்டில் பழுதாகிப் பழுதாகி, கடைசியில் சரிவந்தவை இவை மட்டும்தான். இன்றிரவு கொழும்பு பஸ், நாளை விமானம். ஜேர்மனியில் ஓர் ஆய்வுகூடம் திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் இவற்றை அளந்து பார்க்க ஒரே ஒரு முறை ஒத்துக்கொண்டிருந்தது. அந்த அளவீடு இல்லாவிட்டால் கலாநிதிப் பட்டம் இல்லை. பல்கலைக்கழகம் நீட்டித் தந்த தவணையும் மார்கழியோடு சரி. யாரைத்தான் நோவது? பூசைக்கு வையுங்கோ என்று குப்பியை நீட்டியதே இவள்தானே!

போன கிழமைதான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தியிருந்தாள். உள்ளே ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டிக் காந்தம். கடுங்குளிரில் மேலே பார்த்த முனை மாதக்கணக்கில் மேலேயே பார்க்கும். கீழே திரும்ப ஒரு தடையை ஏறிக் கடக்க வேண்டும். ஆனால் சிலவேளை ஏறாமலே திரும்பி நிற்கும்.

"படலையும் பூட்டு, வேலியிலை ஓட்டையும் இல்லை, ஆடு பக்கத்து வளவுக்குள்ளை நிக்குது. அப்பிடித்தான் அம்மா."

பாலேஸ்வரி அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். இணுவில் முழுக்க அந்த ஆட்டுக் கதையைப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தாள்.

இப்போது மகளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு உறைத்துவிட்டது. சுவரோடு சரிந்து இருந்தாள்.

"திருப்பிச் செய்யேலாதோ?"

"பளிங்கு வளக்கிற மருந்தும் முடிஞ்சுது, நாளும் முடிஞ்சுது."

கத்தவேண்டும் போலிருந்தது கோபிகாவுக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது? கண்தான் கலங்கியது.

"பிள்ளை… அந்த ஆடு மாதிரி, படலை பூட்டினாலும் ஏதும் ஒரு வழி இருக்குமெல்லே?"

"ஆடே செத்துப்போச்சு, அம்மா."

பாலேஸ்வரி மகளின் கையிலிருந்த குப்பியை வாங்கி, அதிலிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.