ஏரிக்கிணற்றுத் தண்ணீர்

பேரூராட்சி அலுவலகம் என்றால் குப்பை ஒருவர் பொறுப்பு, குடிநீர் இன்னொருவர் பொறுப்பு, மரமும் தெருவிளக்கும் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் ஒரே திட்டமாகச் சேர்த்து நடத்திக் காட்டும் ஊருக்கு விருது என்று மேலிடத்தில் அறிவித்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சின்னப் பேரூராட்சி ஒன்றில் செயல் அலுவலராக இருந்த திலகவதிக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஆசைப்பட்டதில் தப்பில்லை. அந்த ஊருக்குத் தொழிற்பேட்டைப் புகையைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக வந்து சேர்ந்ததில்லை.

சங்கடம் ஒன்றுதான். துப்புரவு மேஸ்திரி குப்புராஜும் குழாய் பிட்டர் அருணாச்சலமும் எலியும் பூனையும். ஊழியர் சங்கத் தேர்தலில் முட்டிக்கொண்டதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் அலுவலகம் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் திலகவதி அவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு, தனித்தனியே வேலை சொன்னாள். ஒருங்கிணைந்த திட்டம் அவள் தலைக்குள் மட்டும்தான் ஒருங்கிணைந்திருந்தது.

தீபாவளி முடிந்த வாரம் விருதுக் குழு பார்வையிட வருவதாக இருந்தது. குழு வரும் நாளன்று காலை திலகவதி ஏரிக்கரைக்கு வந்தாள். நேற்றுவரை காய்ந்து கிடந்த ஏரியில் தண்ணீர் பரவியிருந்தது. பட்டாசுக் காகிதமும் வாழை இலையும் பட்டறைகளின் எண்ணெய்த் துணியும் அதில் மிதந்தன. ஊருக்கே குடிநீர் தரும் கிணறு ஏரிக்குள்தான் இருக்கிறது. அழுக்குத் தண்ணீர் அதன் சுவரைத் தாண்டி உள்ளே வழிந்துகொண்டிருந்தது.

"இன்னா குப்புராஜ் இது?" என்று கரையில் நின்றிருந்த மேஸ்திரியைக் கேட்டாள்.

"நீங்கதானே மேடம், தெருவுல ஒரு குப்ப கண்ல படக்கூடாதுன்னீங்க? நேத்தே எல்லாத்தையும் வாரிக்கினு வந்து இங்க கொட்டிட்டேன். ஏரி காஞ்சிதானே கெடந்துச்சி!"

அவள் அருணாச்சலத்துக்குப் போன் செய்தாள்.

"ஏரி ரொம்பி இருக்கணும்னீங்களே மேடம். ஆத்துல புதுத்தண்ணி வந்துது, கால்வா மதகத் தூக்கிட்டேன்."

"கிணத்துத் தண்ணி?"

"டேங்க்குல ஏத்தி, தெருவுக்கும் தொறந்து வுட்டாச்சி. ஆபீசருங்க வர்ற நாளாச்சே, இன்னிக்கு சீக்கிரமே வுட்டேன்."

"மூடு! மொதல்ல டேங்க்க மூடு!"

யாரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லவேண்டும். சொன்னால் விருது போச்சு, வேலைக்கும் வேட்டு. குழு போகட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே அவளுக்கு உடம்பு கூசியது. மைக் செட்டுக்குக் குப்புராஜை விரட்டிவிட்டாள்.

அதற்குள் அலுவலகத்திலிருந்து போன். குழு முன்னதாகவே வந்து நேராக அங்கன்வாடிக்குப் போய்விட்டதாம். திலகவதி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, டிரைவரைப் பாடாய்ப் படுத்தினாள்.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் தராமல் யார் பேசுவார்கள்? ஆயா கன்னியம்மா எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவித் துடைத்து, காலையில் பிடித்த புதுத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருந்தாள். திலகவதி உள்ளே நுழைந்தபோது குழுத் தலைவர் டம்ளரை உயர்த்திப் பிடித்திருந்தார். பிள்ளைகளும் ஆளுக்கொரு டம்ளரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க மேடம்," என்று அவர் சிரித்தார். "உங்க ஊர்த் தண்ணி எப்படின்னு குடிச்சே பார்த்துடலாம்னு..."

"குடிக்காதீங்க சார்!" திலகவதி கத்தியேவிட்டாள். "குப்பை கலந்த தண்ணி சார் அது. ஆளுக்கொரு பக்கம் வேலை சொல்லி நான்தான் கெடுத்தேன்."

தலைவரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவரை அவள் கவனிக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணுங்களா, யாரும் குடிக்கக்கூடாது. டம்ளரக் கீழ வைங்க பாக்கலாம்."

ஒவ்வொன்றாக வைத்தார்கள். வரிசையின் கடைசியில் இருந்த பெண்குழந்தை மட்டும் தன் டம்ளரை எட்டிப் பார்த்தது.

"நான் அப்பவே குடிச்சிட்டேனே," என்றது.