எள்ளு எங்கே வறுத்தது

1.

இப்போதெல்லாம் ஜனங்கள் குற்றாலத்துக்கு வந்து, காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்சல் பிரியாணி தின்கிறார்கள். அருவிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள். ஒரு பொருள் வேகும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. நீங்களும் இந்தக் கதையின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒன்றும் இல்லை.

இதை எழுதக் காரணம் அப்துல் ஜப்பார். பழைய குற்றாலம் போகிற வழியில் தோப்பு வைத்திருக்கிறவன். எனக்கும் என் தம்பி பலவேசத்துக்கும் கூட்டாளி. "என் அடுப்புதான் ரெண்டு பேரையும் சேத்து வச்சுது" என்று தென்காசி முழுக்கச் சொல்லித் திரிகிறான். உள்ளதை நான் எழுதிவிடுகிறேன்.

2.

தொடக்கம்: "ஆனி மாதத்துச் சாரலில் மலை..." (வேண்டாம். மலைக்கு இதில் வேலை இல்லை.)

வேறு தொடக்கம்: "ஒன்பது வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி..." (இதில் நான் நல்லவன்போலத் தெரிகிறேன். அடித்துவிட்டேன்.)

உள்ளது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் திதிச் சாப்பாட்டில், இலை போடும் முன்பே உட்கார்ந்துவிட்ட தம்பியைப் பார்த்துப் பத்துப் பேர் காதில் விழ நான் சொன்னேன்: "சோறுன்னா மொத ஆளா வந்திருவான்."

எழுந்துவிட்டான். "இனி ஒம்ம வீட்டு அடுப்புல வெந்ததத் தின்னா நான் பலவேசம் இல்ல." கடையத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

வருகிற ஆவணியில் என் பேத்தி உமாதேவிக்குக் கல்யாணம். இலத்தூரில், எங்கள் வீட்டிலேயே பந்தி. "சின்னத் தாத்தா வந்து சாப்பிடலேன்னா நான் மணையில உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

வழி கண்டுபிடித்தவன் ஜப்பார். "அவன் சொன்னது ஒங்க வீட்டு அடுப்பத்தான அண்ணாச்சி? இது என் அடுப்புல்லா! மொதல்ல என் தோப்புல ஒரு நேரம் சேந்து திங்கட்டும்." பெயிண்ட் டப்பாவை வெட்டி அவனே செய்த விறகடுப்பு. ஒரு சட்டி உட்காரும். நான் அதை நம்பவில்லை. ஜப்பாரையும்தான்.

3.

தோப்பில் தார்ப்பாய் கட்டினோம். சாரல் குறுக்கே அடித்தது. புளியஞ்சுள்ளி எல்லாம் ஈரம். ஊத ஊதப் புகை என் கண்ணுக்குத்தான் வந்தது.

குளிக்க வா என்று மட்டும் சொல்லி ஜப்பார் வரவழைத்திருந்த பலவேசம், அருவியிலிருந்து வந்தவன், என்னைக் கண்டதும் நின்றான். போகவில்லை. (ஏன் போகவில்லை என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். எனக்குத் தெரியாது.)

"ஏலே ஜப்பாரு, இது அடுப்பா கொசுவத்தியா?"

"ஒங்க அண்ணன்ட்ட கேளு."

"அந்த ஆள்ட்ட எனக்கு என்ன பேச்சு? தள்ளச் சொல்லு."

தள்ளினேன். பையிலிருந்து ஒரு கந்தைத் துண்டை எடுத்தான். குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்துவிட்டு உடம்பைத் துடைத்தது. நல்லெண்ணெய் ஊறிக் கிடந்தது. கிழித்துச் சுள்ளிக்கு அடியில் திணித்து, என் தீப்பெட்டியைக் கேட்காமலே எடுத்து உரசினான்.

பிடித்தது! அந்த மழையில் தீ சட்டியின் இடுப்புவரை ஏறியது. ஜப்பார் விசில் அடித்தான். எழுபத்திரண்டு வயதில் நான் கை தட்டினேன்.

4.

அரிசியும் தோல் எடுக்காத தொலி உளுந்தும் பூண்டும் தேங்காயும் ஒன்றாக வெந்து உளுந்தஞ்சோறு இறங்கியது. ஜப்பார் வாழையிலை அறுத்துப் போட்டான். பலவேசம் உட்கார்ந்தான். எள்ளுத் துவையல் இருந்த தூக்குச்சட்டியை நான் திறந்தேன்.

"ஜப்பாரு, எள்ளு எங்கன வறுத்ததுன்னு கேளு."

துவையல் காலையில் என் வீட்டில், என் அடுப்பில் வறுத்து அரைத்தது. அரிசியை யோசித்தேன், அடுப்பை யோசித்தேன்; எள்ளை யோசிக்கவில்லை.

(முதலில் எழுதியபோது, "ஜப்பார் வீட்டில்" என்று நான் பொய் சொன்னதாக எழுதினேன். ஜப்பாரும் கண்ணால் அதைத்தான் சொல்லச் சொன்னான். எழுதிப் பார்த்தால் சோறு ருசிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

"எங்க வீட்டு அடுப்புலதாம்லே" என்றேன். ஜப்பாரிடம் இல்லை, அவனிடமே. ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு.

அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓரத்துல கொஞ்சம் வைக்கச் சொல்லு."

வைத்தேன். தொட்டு நக்கினான். "உப்பு கூட" என்றான். சோற்றில் பிசைந்து தின்றான். பிறகு மறுபடியும் இலையைக் காட்டினான். ஜப்பார் என் முதுகில் அறைந்த அறையில் கரண்டி கீழே விழுந்தது.

5.

முடிவு: கட்டிப்பிடித்து அழுதோம். (ஜப்பார் சொல்வது. பொய். எல்லார் கையிலும் சோறு.)

முடிவு: "அண்ணே" என்று கூப்பிட்டான். (இல்லை.)

நடந்தது: "ஆவணியில வாரியா?" என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "அன்னைக்கி எள்ள நான் வறுக்குதேன். ஒங்களுக்குத் தீய விடத்தான் தெரியும்."

என் வீட்டு அடுப்பில்!

குளித்த பசியில் மனுஷன் எதையும் சொல்லுவான் என்று என் வாய்வரை வந்துவிட்டது. அது அந்தப் பழைய பேச்சுதான். விழுங்கினேன். அடுப்பைத் தேய்க்க ஜப்பாரை விட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்தேன்.

வந்தான் என்று நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆவணியில் இலை போட்டு, அவன் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் நம்புவேன். முதல் இலை அவனுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.