அத்தானும் தம்பியும் மொழிபெயர்த்த கூட்டம்

சபைக் கமிட்டியில் பல் டாக்டரும் வெல்டிங் பட்டறைக்காரரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள்.

கேட்டவர் கிளட்ச் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் "கிளட்ச்சை விடாதே!" என்று அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தார்கள்; பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பாலஸ்தீன நர்ஸ் ஒருவரும் இஸ்ரேலிய டீச்சர் ஒருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்கள், நம் சபைக்கும் கூப்பிடலாம் என்று அவர் சொன்னதும்தான் அந்த "வேண்டாம்" வந்தது.

பல் டாக்டர் அவருக்கு அத்தான், கூடப் பிறந்த அக்காவின் கணவர். "டீச்சர் வரட்டும். அந்த நர்ஸ் வந்தா அரசியல்தான் பேசுவாங்க" என்றார். பட்டறைக்காரர் கிளட்ச் அக்காவின் தம்பி. "நர்ஸ் வரட்டும். வீட்டை இடிக்கிற நாட்டுக்காரங்களுக்கு இங்க எதுக்கு மைக்கு?" என்றார். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை வருஷக்கணக்காக நடக்கிறது. ஒருவர் செய்தி சேனலைப் போட்டால் மற்றவர் ரிமோட்டைப் பிடுங்குவார்.

"அத்தான் டீச்சர் வரலாங்கறார். தம்பி நர்ஸ் வரலாங்கறான். அப்போ ரெண்டு பேருக்கும் அனுமதி கிடைச்சாச்சு. போதகரய்யா, எழுதிக்கோங்க" என்றார் அக்கா.

அடுத்தவர் வாய் திறப்பதற்குள் போதகர் எழுதிவிட்டார்.

விருந்தாளிகளை அழைத்துவர அக்காவிடம் டிரைவிங் பள்ளிக் கார்தான் இருந்தது. பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உள்ள கார். அங்கே உட்கார்ந்த டீச்சர் ஒவ்வொரு வளைவிலும் பயந்து அதை மிதித்தார். பின்னால் இருந்த நர்ஸ் முன்சீட்டில் முட்டி முட்டி, கடைசியில் சிரித்துவிட்டார். "பார்த்தீங்களா? அங்க இவங்க ராணுவம் செக்போஸ்ட்ல நிறுத்தறது போதாதுன்னு, இங்க வந்தும் என்னைப் பத்தடிக்கு ஒரு தடவை நிறுத்தறா." டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு, அடுத்த சிக்னலிலேயே இறங்கி இடம் மாறிக்கொண்டார். பல வருஷம் சேர்ந்து அலைந்தவர்களின் கிண்டல் அது என்று அக்காவுக்குப் புரிந்தது.

கூட்டத்தில் மொழிபெயர்க்க வேண்டியவர் போதகர். சாயங்காலம் வரை கணீரென்று பேசிக்கொண்டிருந்தவர், மேடையேறும் நேரத்தில் தொண்டையைத் தடவினார். "குரல் கட்டிடுச்சு. டாக்டர், நீங்க நர்ஸுக்குப் பண்ணுங்க. தம்பி, நீங்க டீச்சருக்கு."

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணு" என்றார் நிமிராமலே. "'அவங்க சொல்றாங்க'ன்னு இழுக்கக் கூடாது. அவங்க 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'தான்."

முதலில் நர்ஸ் பேசினார். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"என் வீட்டு வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. அனுமதி இல்லாமக் கட்டினதாம். எங்கப்பா அனுமதி கேட்டு முதல் மனு போட்டப்போ எனக்குப் பல்லே முளைக்கலை."

பல் டாக்டர் வாயிலிருந்து இது வந்ததும் கூடம் குலுங்கிச் சிரித்தது. அவர் சிரிக்காமல் தொடர்ந்தார். "எந்த நாள் வேணும்னாலும் புல்டோசர் வரலாம். என் வீட்டை இடிக்கப்போறாங்க."

முன்வரிசையில் அவருடைய மாமியார் இருந்தார். காது கொஞ்சம் மந்தம். பாதித் தூக்கத்திலிருந்து பதறி எழுந்தார். "மாப்பிள்ளை! வீட்டை இடிக்கறாங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! என் பொண்ணு பாத்திரம் பண்டமெல்லாம் எங்க கொண்டுபோய் வைப்பா?"

மறுபடியும் சிரிப்பு. என்ன கேட்டார் என்று நர்ஸ் விசாரித்தார். டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நர்ஸும் சிரித்தார், பிறகு மெல்ல ஏதோ பதில் சொன்னார்.  டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"அந்தம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பாத்திரத்தையெல்லாம் எங்க வைக்கிறதுன்னு... எனக்கும் தெரியலை."



அடுத்தது டீச்சர். தம்பி மைக்கை வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். "என் தம்பி பஸ்ஸுல போயிட்டிருந்தான். என் ஹெட்போனைக் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான்னு நான் வீட்ல கத்திக்கிட்டிருந்தேன். அப்போதான் டிவியில சொன்னாங்க, பஸ்ஸுல குண்டு வெடிச்சிடுச்சுன்னு."

அக்காவின் சார்ஜர், குடை, கார்ச் சாவி என்று எதையும் கேட்காமல் எடுக்கிற தம்பி அவர். அக்கா பக்கம் திரும்பாமலே மீதியையும் சொல்லி முடித்தார். "என் தம்பி செத்ததுக்கு இவ வீடு விலை இல்லை. என் பயம் நிஜம். இவளுக்கு நடக்கற அநியாயமும் நிஜம். ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மூடாதீங்க. இவ வீட்டைச் சாக்கா வச்சு யூதர்களை வெறுக்கவும் வேண்டாம்."

பின்வரிசைப் போஸ்ட்மாஸ்டர் எழுந்து, "நாங்க சமாதானத்துக்காக ஜெபம் பண்றோம். வேற என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

நர்ஸின் பதிலை டாக்டர் இப்போது தடங்கலில்லாமல் சொன்னார். "ஜெபம் பண்ணுங்க. ஆமென் சொல்லிட்டுக் கையைக் கட்டிக்காதீங்க. நியாயம் வேண்டாம், சமாதானம் மட்டும் போதும்னா, புல்டோசர் சத்தம் போடாம இடிச்சிட்டுப் போயிடும். உங்க எம்.பி.யைப் போய்ப் பாருங்க. எங்களைப் பத்திக் கேள்வி கேக்கச் சொல்லுங்க."

"எங்களுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்னு விசில் அடிக்கிற ரசிகர்கள் வேண்டாம்" என்று டீச்சருக்காகத் தம்பி சேர்த்துச் சொன்னார்.

எம்.பி.யைப் பார்க்க யார் போவது என்ற பேச்சு வந்தது. "கதையைத் தன் வாயால சொன்னவங்களே போகட்டும்" என்றார் போதகர். குரல் திரும்பியிருந்தது.

அத்தானும் மச்சானும் ஒன்றாகப் போனார்கள். என்ன கேட்பது என்று எழுதவே பட்டறையில் மூன்று சாயங்காலம் சண்டை. "கண்டிக்கணும்" என்றார் தம்பி, "வலியுறுத்தணும்" என்றார் டாக்டர்; கடைசியில் டாக்டரின் வார்த்தைதான் நின்றது. எம்.பி. கொட்டாவியோடுதான் கேட்கத் தொடங்கினார். "பாத்திரத்தை எங்க வைக்கிறது?" என்று டாக்டர் கேட்ட இடத்தில் பேனாவை எடுத்தார். அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்டார். மழுப்பலான பதில் வந்தது. மற்ற நாடுகளிலும் சில சபைகள் இப்படிக் கேட்டிருந்தன. எது வேலை செய்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் நோட்டீஸை எதிர்த்து நர்ஸ் போட்டிருந்த வழக்கை நீதிமன்றம் ஒத்திவைத்தது. வழக்கு நடக்கிறது, வீடு நிற்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நர்ஸ் வீடியோவில் கூப்பிட்டார். அவருடைய சமையலறையில் டீச்சர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தோலைத் தடிமனாகச் சீவுகிறார் என்று நர்ஸ் திட்டிக்கொண்டிருந்தார். டாக்டரின் மாமியார் போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"வீடு லட்சணமாத்தானே இருக்கு! இதைப் போய் எவன்டா இடிக்கணும்கறவன்?"

"அதைத்தான் அத்தை, செவ்வாய்க்கிழமை மறுபடியும் போய்க் கேக்கப்போறோம்" என்றார் டாக்டர். "மச்சான், இந்தத் தடவை 'கண்டிக்கணும்'னே போட்டுடலாமா?"