தாவீதுராஜ் சாரின் குடல்வால்

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டால் போதும், திருச்சுழிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு வியாதிகள் வரத் தொடங்கிவிடும். சவுந்தரத்துக்கு இது நன்றாகத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அவளுடைய ஜெராக்ஸ் கடையில்தான், தேர்தல் வேலையிலிருந்து விலக்குக் கேட்கும் மனுவோடு வைக்க, அந்த வியாதிகளுக்கெல்லாம் நகல் எடுப்பார்கள். முந்தின நாள்வரை பள்ளி மைதானத்தில் வாலிபால் ஆடியவருக்கு முதுகெலும்பு விலகியிருக்கும். போன மாதம் கொடைக்கானல் போய் வந்தவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஓட்டு எண்ணி முடித்த மறுவாரமே அத்தனை பேரும் குணமாகி, வீட்டு லோனுக்கு நகலெடுக்க அதே கடைக்கு வருவார்கள்.

இந்தத் தடவை அந்தப் பாக்கியம் தனக்கும் வேண்டும் என்று நினைத்தவர் அவளுடைய கணவர் தாவீதுராஜ். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். போன தேர்தலில் அவருக்கு வேலை விழுந்த வாக்குச்சாவடியில் கக்கூஸுக்குக் கதவு கிடையாது. மற்றவர்கள் அதை அன்றோடு மறந்துவிட்டார்கள். இவர் அதையே ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட வேலை பார்க்கும் பாண்டீஸ்வரன் ஒரு திங்கட்கிழமை வழி காட்டினார். "நெஞ்சு வலி, முதுகு வலின்னு மனு குடுத்தா ஆபீஸ்ல சிரிக்கிறாக சார். குடல்வால்னு போடுங்க. உள்ள கெடக்குற சாமான், யாருக்குத் தெரியப்போகுது? ஆனா ஸ்கேன் ரிப்போர்ட்டு மட்டும் வேணும்."

அதே திங்கட்கிழமை சாயங்காலம்தான் சவுந்தரத்துக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. தொப்புளைச் சுற்றி என்னவோ முறுக்குவதுபோல் இருந்தது. சோறு இறங்கவில்லை. ஒரு தடவை வாந்தி எடுத்தாள்.

"கேஸு" என்றார் தாவீதுராஜ், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். "ஓமத்தண்ணி குடி."

மறுநாள் வலி இறங்கி வலது அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டது. லேசாகக் காய்ச்சலும் அடித்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து கட்டிலில் சுருண்டு படுத்தாள். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சவுந்தரம், மொதல்ல தொப்புளச் சுத்தித்தான வலிச்சுச்சு?"

"ஆமாங்க."

"அப்புறம் வலது பக்கமாக் கீழ எறங்கிருச்சு?"

"ஆமா."

"அமுக்கும்போது வலிக்குதா, அமுக்கிட்டுக் கைய எடுக்கும்போது வலிக்குதா?"

"எடுக்கும்போதுதான் உசுரே போகுது."

கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அவர் அவளிடம் சேர்ந்தாற்போல் மூன்று கேள்விகள் கேட்டது அதுதான் முதல் தடவை. சவுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சொன்னதையெல்லாம் டைரியில் எழுதிக்கொண்டார்.

"செல்போன்ல பாத்த குடல்வால் வீடியோவுல சொன்னமாதிரியே இருக்கு. நாளைக்கு ஸ்கேன்ல நான் இப்படியே சொல்லிருவேன்."

"அப்ப எனக்கு?"

"ஒனக்குக் கேஸுதான். பொம்பளைக வயித்துல ஆயிரம் இருக்கும். அதுக்கெல்லாம் ஸ்கேன் எடுத்தா முடியுமா?"

புதன்கிழமை காலை அவளையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினார். நோயாளி என்றால் துணைக்கு ஆள் வேண்டுமே. மோட்டார் சைக்கிளை நோயாளி ஓட்டினார். துணைக்கு வந்தவள் பின்னால் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கருவேலங்காட்டுக்கு நடுவே போகும் அந்த ரோட்டில் இத்தனை வேகத்தடை இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் வண்டி குதிக்கும்போது உள்ளே யாரோ கத்தியைச் சொருகித் திருப்புவதுபோல் இருந்தது. "மெதுவாப் போங்க" என்றாள். "டோக்கன் தீந்துரும்" என்று வேகத்தைக் கூட்டினார்.

ஸ்கேன் சென்டரில் முக்கால்வாசிப் பேர் கர்ப்பிணிகள். அவர்களுக்கு நடுவில் இருந்த நாற்காலியைப் பிடித்த தாவீதுராஜ், நர்ஸ் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் வலது பக்கமாகச் சாய்ந்தார். அவள் போனதும் நிமிர்ந்து பேப்பர் படித்தார்.

நர்ஸ் யுவராணி வந்து, "பேஷண்ட் யாரு?" என்றாள். கண் மட்டும் சவுந்தரத்தின் வெளுத்த முகத்தின்மேல் இருந்தது.

"நான்தான்!" என்று தாவீதுராஜ் துள்ளி எழுந்தார்.

உள்ளே இருந்தவர் டாக்டர் அனுசியா. சின்ன வயசு, நிதானமான பேச்சு. தாவீதுராஜ் படுத்துக்கொண்டு, தொப்புளில் ஆரம்பித்து வலது பக்கம் இறங்கி, கையை எடுக்கும்போது உயிர் போவதுவரை ஒப்பித்தார். ஒரு வரி விடவில்லை. டாக்டர் அவருடைய வயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"ஐயோ! அம்மா!"

"சார், நான் இன்னும் ஜெல்லே தடவல."

பிறகு தடவி, கருவியை வலது அடிவயிற்றில் வைத்து மெல்ல அமுக்கிப் பார்த்தார். திரையில் கறுப்பும் சாம்பலுமாய் என்னென்னவோ நகர்ந்தது.

"இதான் ஒங்க குடல்வால். பல பேருக்கு இது கண்ணுலயே படாது, ஒங்களுக்குப் பாடப்புத்தகத்துல போடலாம்போல அழகாத் தெரியுது. நாலு மில்லிமீட்டர்தான். நான் அமுக்க அமுக்க அமுங்குது பாருங்க. வீக்கம் இருந்தா ஆறுக்கு மேல போயிரும், அமுக்குனாலும் அமுங்காது. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல சார்."

இப்படியொரு நல்ல செய்தியைக் கேட்டு இவ்வளவு நொந்துபோன மனிதரை அந்த அறை பார்த்திருக்காது. "இன்னும் நல்லாப் பாருங்க டாக்டர்" என்று கெஞ்சினார். "வேற எடத்துல இன்னொண்ணு கெடக்கும்."

மூலையில் நின்ற சவுந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப்போய் இருமினாள். இருமினதுதான் தாமதம், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்து சுவரோடு சரிந்தாள்.

டாக்டர் எழுந்து வந்தார். "ஒங்களுக்கு என்னம்மா செய்யுது?"

"இவுக சொன்னாகள்ல டாக்டர், அதுதான்" என்றாள் சவுந்தரம், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவ்வளவும் என்னோடது."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "சார், எறங்குங்க."

தாவீதுராஜ் ஜெல்லைக்கூடத் துடைக்காமல் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சவுந்தரம் ஏறிப் படுத்தாள். கருவி அந்த இடத்துக்கு வந்ததும் அவள் கத்தவில்லை. கால் விரல்கள் மட்டும் சுருண்டன. டாக்டர் அவசரப்படாமல் அமுக்கிப் பார்த்தார். சிறுநீரகத்தையும் கர்ப்பப்பைப் பக்கத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வந்து நின்றார். திரையில் வட்டத்துக்குள் வட்டமாக ஏதோ தெரிந்தது.

"அமுங்கவே மாட்டேங்குது" என்றார். "பதினோரு மில்லிமீட்டர். குடல்வால் வாயில ஒரு கல்லு அடைச்சிருக்கு. சுத்திலயும் வீக்கம். எத்தன நாளா வலிக்குது?"

"திங்கக்கிழமையில இருந்து."

"இப்பவே சர்ஜனைப் பாக்கணும். வெடிச்சிருச்சுன்னா பெரிய பாடாயிரும்."

சவுந்தரத்துக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. கேஸ், ஓமத்தண்ணி என்று இரண்டு நாளாக அலைந்த வலிக்கு இப்போது ஓர் அளவு கிடைத்துவிட்டது.

தாவீதுராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கவலை இருந்தது. அதன் ஓரத்தில் கொஞ்சம் பொறாமையும் இருந்ததைச் சவுந்தரம் கவனித்தாள்.

"ரிப்போர்ட்டுல பேரு போட்டாச்சா டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போட்டாச்சு. பொம்பளைன்னும் போட்டாச்சு."

அதற்குப் பிறகு ஆட்டோ பிடித்ததும், அட்மிஷன் போட்டதும், ரத்தம் எடுத்ததும் மளமளவென்று நடந்தன. சர்ஜனும் கையால் அழுத்திப் பார்த்து அதையே சொன்னார். பிற்பகலில் ஆபரேஷன். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். சவுந்தரம் கண் விழித்தபோது கட்டிலருகே தாவீதுராஜ் நின்றார். கண் சிவந்திருந்தது. சட்டை வயிற்றோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் சவுந்தரம்" என்றார். அதை நிஜமாகவே சொன்னார். அந்த நிஜம் மறுநாள் காலைவரை இருந்தது.

காலையில் அவளுடைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தேர்தல் பிரிவுக்குப் போய் நின்றார். மனைவிக்கு ஆபரேஷன், விலக்கு வேண்டும் என்றார். "ஆபரேஷன் அவுகளுக்குத்தான சார்? நீங்க நல்லாத்தான இருக்கீக?" என்று கேட்ட கிளார்க், பந்தல்குடியைத் தாண்டி ஒரு சாவடிக்கு உத்தரவைக் கையில் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் நாள் பாண்டீஸ்வரன் மனைவியோடு ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். தாவீதுராஜ் நடந்ததைச் சொன்னார்.

"எனக்கு மொதல்லயே சந்தேகம் சார். ஆனா இவ ஸ்கேனுக்கு வரவே மாட்டேன்னுட்டா. பயம். அதான், 'ஒண்ணுமில்ல, இங்க பாரு'ன்னு நான் மொதல்ல ஏறிப் படுத்துக் காட்டுனேன். அப்புறந்தான் படுத்தா."

"பெரிய மனசு சார் ஒங்களுக்கு" என்றாள் பாண்டீஸ்வரனின் மனைவி.

சவுந்தரம் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள். "நெசந்தான்க்கா. ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்ன பெறகும் எனக்காக, இன்னொரு குடல்வால் இருக்கான்னுகூடக் கேட்டுப் பாத்தாக."

பாண்டீஸ்வரன் சத்தமாகச் சிரித்துவிட்டார். சவுந்தரமும் சிரித்தாள். தையல் இழுத்தது. வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வர, விடாமல் சிரித்தாள்.

தாவீதுராஜ் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, தலையைக் குனிந்தபடி ரொம்பக் கவனமாக உரித்தார். பாதியை வழக்கம்போல் தன் வாயில் போட்ட பிறகுதான் யாருக்காக உரித்தோம் என்பது நினைவுக்கு வந்தது. மீதியை அவளிடம் நீட்டினார். அவளுக்குப் பசித்தது. வாங்கிக்கொண்டாள்.