ஜீன்ஸின் குட்டிப் பை

அன்று பட்டறையில் கூடியவர்கள் நான்கு பேர். வெட்டு மேஜையின் தலைமாட்டில், முக்காலியில் பட்டறையை நடத்தும் அண்ணன். துணி உருளைகளின் மேல் கட்டிங் மாஸ்டர். தன் மெஷினை விட்டு எழாமல், நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டு அத்தை. ஜன்னலோரம் கடிதத்தாளுடன் நான்.

நாங்கள் தைப்பது ஜீன்ஸ் மட்டும். வலது முன்பைக்குள் ஒரு குட்டிப் பை இருக்குமே, அது அத்தையின் வேலை. இனி அந்தப் பை வேண்டாம் என்று எங்களிடம் ஜீன்ஸ் வாங்கும் கடைக்காரர் எழுதியிருந்தார். பை போனால் அத்தை இஸ்திரிப் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். அவர் முழங்கால் அரைமணி நேரம்கூடத் தாங்காது.

"அது எதுக்குத்தான் வந்துச்சு?" என்றார் அண்ணன்.

"சங்கிலிக் கடிகாரம் வைக்க. அப்ப இது உடம்பு நோக உழைக்கிறவங்க போட்ட உடுப்பு," என்றார் மாஸ்டர். "கைக்கடிகாரம் வந்ததும் பைக்கு வேலை போச்சு. பை மட்டும் போகல."

"ஏன் போகல?"

மாஸ்டர் குனிந்து தன் ஜீன்ஸைப் பார்த்தார்.

"அவங்கவங்க குட்டிப் பையில என்ன இருக்குன்னு எடுத்து வைங்க, தெரியும்," என்றார் அத்தை.

மாஸ்டரின் பையிலிருந்து சாக்பீஸ் துண்டும் ஓர் ஊக்கும் வந்தன. என்னுடையதில் ஒரு மாத்திரை, துவைத்து வெளுத்த பேருந்துச் சீட்டு.

"சீட்டைக் குளிப்பாட்டி வேற வச்சிருக்கான்," என்றார் அண்ணன். அவர் காலையிலிருந்து குட்டிப் பை இல்லாத சாம்பிள் ஜீன்ஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு குறையும் தெரியல."

"ஸ்டோர் ரூம் சாவி எங்கடா?" என்று அவரைக் கேட்டார் அத்தை.

அண்ணனின் இரண்டு விரல்கள் தாமாகவே இடுப்புக்குப் போய், இல்லாத பையைத் துழாவின. பிறகு பெரிய பை. அதில் கைக்குட்டைதான் இருந்தது. காலையிலிருந்து அதைப் பத்துத் தடவையாவது உருவியிருப்பார்; சாவியும் கூடவே எங்கோ விழுந்திருக்கும்.

மூவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே வழி சொன்னார். கடைசியில் மேஜைக்கடியில், வெட்டுத் துணிக் குவியலில் மாஸ்டர் சாவியைக் கண்டெடுத்தார்.

அண்ணன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "எழுதுடா. பை இல்லாம தைக்கிறதா இல்ல. வேண்டாம்னா வேற கடை பாத்துக்கறோம்."

"காரணம் கேப்பாரே?"

"சாவி தொலைஞ்சதை எழுது."

"மானம் போயிடும்ணே," என்றார் மாஸ்டர்.

"போனாப் போகுது. அத்தை, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அத்தை அதற்குள் மெஷின் பக்கம் திரும்பிவிட்டார். "கடைக்காரர் பதில் எழுதறதுக்கு முன்னாடி அவரோட குட்டிப் பையில என்ன இருக்குன்னு பாக்கச் சொல்லு."

அதையும் எழுதினேன், கொஞ்சம் மரியாதையாக. அண்ணன் கையெழுத்திட்டார். உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தி, தபால் நிலையம் போய்ப் பெட்டியில் போட்டேன்.