இரவல் பெட்டி

விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஸஜீத் பழைய பிக்கப்புக்கு அடியில் காட்போட் மட்டையை விரித்து மல்லாந்து கிடந்தான். உப்புக்காற்றில் இறுகிய ஆணி ஸ்பானருக்கு மசியவில்லை. துருவும் கரியும் கண்ணில் உதிர்ந்தன. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. முதுகு விறைத்துப் போயிருந்தது.

முந்தலில் இறால் கொட்டில் வைத்திருக்கும் இப்றாஹிம் முதலாளியின் வண்டி அது. உடப்பிலிருந்தும், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பிலிருந்தும், இறால் உரிக்கும் பெண்களை அதில்தான் ஸஜீத் ஏற்றிவருவான்; பழுது பார்ப்பதும் அவன்தான். பின்தட்டில் பதினான்கு பேர், மேலே கூடாரமாய் மூடிய படங்குச் சீலை.

போன மாதம், புகையின் நஞ்சை வடிக்கும் பெட்டி அடைத்துக்கொண்டது. புதிது போட முதலாளிக்கு மனம் வரவில்லை. வெட்டி எறியச் சொன்னார். ஸஜீத் வெட்டினான். பதிலுக்கு ஒட்டிய குழாய் நீளம் போதவில்லை. பின்தட்டுக்கு அடியிலேயே முடிந்தது. புகை படங்குக்குள் ஏறியது. பெண்கள் வாந்தி எடுத்தார்கள். கிழட்டு வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்று நாளைக்கு முன் ஒரு வளைவில் அவர்களில் ஒருத்தி, மர்ளியா, மயங்கிப் பின்தட்டிலிருந்து தெருவில் விழுந்தாள். தோள் எலும்பு முறிந்தது.

இன்று வருடாந்தப் புகைச் சோதனை. அதற்காக இப்றாஹிம் எங்கேயோ ஒரு பெட்டியை இரவல் வாங்கி வந்திருந்தார். ஸஜீத் இப்போது பூட்டுவது அதைத்தான்.

இன்று வண்டி இல்லாததால் பஸ்ஸில் வந்திறங்கிய பெண்கள் கொட்டில் வாசலில் நின்றார்கள். அவர்களோடு வேலை செய்யும் ஸஜீதின் மூத்த சகோதரி, ஹவ்வா ராத்தாதான் முதலில் கேட்டாள்.

"மர்ளியாக்கு என்ன செய்யப்போறீங்க, முதலாளி?"

"வெறும் வயித்தோட வந்தா மயக்கம் வராதா? வண்டியில ஒரு பிழையும் இல்ல," என்றார் வண்டியருகே நின்ற இப்றாஹிம்.

ஸஜீத் கடைசி ஆணியை இறுக்கிவிட்டு வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான்.

"பிழை வண்டியிலதான். புகைப்பெட்டிய வெட்டினது நான்."

உடப்புப் பாக்கியம்மா அவனை உற்றுப் பார்த்தாள்.

"தெரிஞ்சுகொண்டேதான் எங்கள ஏத்தினியா தம்பி?"

"ஓம் அக்கா. வேலை போயிரும் எண்டு வாய மூடிக்கொண்டிருந்தன்."

ஹவ்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கதைய விடு," என்றார் இப்றாஹிம். "பின்னேரம் அந்தப் பெட்டியக் கழட்டித் தா. திருப்பிக் குடுக்கணும்."

"கழட்ட மாட்டன்."

"நீ இல்லாட்டி இன்னொருத்தன் கழட்டுவான்."

"கழட்டினா நாங்க ஏற மாட்டம்," என்றாள் பாக்கியம்மா. "மர்ளியாட மருந்துச் செலவக் குடுங்க. வண்டிக்குச் சொந்தமா ஒரு பெட்டி போடுங்க. அதுவரைக்கும் இறாலத் தொட மாட்டம்."

"உடப்பில வேற ஆளில்லையா?"

"இருக்கு. இண்டைக்கே எல்லாரிட்டயும் வரவேணாம் எண்டு சொல்லுவன்."

"எங்கட குடியிருப்புக்கு நான் சொல்லுறன்," என்றாள் ஹவ்வா.

இப்றாஹிம் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தி, தானே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு சோதனைக்குப் போனார். வாசல் மண்ணில் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஸஜீத் தள்ளி நின்றான். கரி படிந்த கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஹவ்வா அவனைப் பார்க்காமலே சற்று ஒதுங்கி இடம் விட்டாள்.

"நிண்டு என்ன செய்யப்போறாய்? வந்து இரி."

அவன் போய் உட்கார்ந்தான். ஏழு மணிக்கு இறால் லொறி வந்து நின்று ஹோன் அடித்தது. இறால் பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகியது. மறுபடி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.