ரெங்கம் கலையரங்கம்: கட்டியதும் இடித்ததும்

ரெங்கத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில், எண்பதடிக்கு நாற்பதடி இடத்தில் மட்டும் 2019 மார்ச் முதல் மழை பெய்யவில்லை. சுற்றிலும் லாலாங் புல் நனைந்து சாயும், உள்ளே மண் தூசியாகக் கிடக்கும். காரணம் ஊருக்கே தெரியும். அந்த மாதம்தான் பண்பாட்டு இலாகாவின் கோப்பில் அங்கே கலையரங்கம் கட்டி முடிக்கப்பட்டது. செங்கல் ஒன்றுகூட வரவில்லை, மானியம் முழுதும் போய்விட்டது, ஆனால் கூரை போட்டாயிற்று என்று கையெழுத்திட்டிருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ரெங்கத்தில் கொஞ்ச நாள் உதவியது.

பள்ளிக் கேன்டீன் நடத்தும் பேட்ரிசியாவுக்கு அதுவே பெரிது. தன் நாடகக் குழுவைப் பத்து வருடமாகக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் ஒத்திகை பார்க்க வைத்தவர் அவர். லோரி ஓட்டும் கணவர் ரேமண்ட்தான் எப்போதும் ராஜா. இனி அடைமழையிலும் வசனம் பேசலாம். ஊரார் பாயோடு வந்து உட்கார்ந்தார்கள். நன்றி மறக்கக் கூடாது என்று பேட்ரிசியா இலாகாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். அப்படியொரு மடத்தனத்தை நல்லவர்களால்தான் செய்ய முடியும்.

மூன்றாம் வருடம் ஒழுகத் தொடங்கியது. முதலில் ஒரு சொட்டு, பிறகு வாளி வைக்குமளவு. ரேமண்ட் ஏணி கொண்டுவந்தார், சாய்த்து வைக்கத்தான் எதுவும் இல்லை. பராமரிப்பு மானியம் கேட்டு பேட்ரிசியா ஆறு முறை இலாகாவுக்கு நடந்தார். கடைசி முறை, அங்கே கட்டடமே இல்லை என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி குணாளன் கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

"புது பில்டிங்லா அக்கா, பத்து வருஷத்துக்கு ரிப்பேர் காசு கிடையாது. பில்டிங்கே இல்லன்னா இந்த லெட்டர்ல யாரு சைன்?"

"என்னோடதுதான்," என்றார் பேட்ரிசியா.

2023 நவம்பரில் ஒரு மாலை, ரேமண்ட் கிரீடத்தோடு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது உத்திரம் ஒன்று முறிந்து விழுந்தது. யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் ரயில் நிலையம் வரை கேட்டது. விலா எலும்பு ஏழு உடைந்து, உத்திரம் விழுந்ததால் மரணம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பேட்ரிசியா அழவில்லை என்று சிலர் சொல்வது பொய். அழுதார், தன் கையெழுத்தைச் சொல்லிச் சொல்லிச் சபித்தார்.

இடிக்க மட்டும் பணம் ஒன்பதே நாளில் ஒதுக்கப்பட்டது. ஆளும் வரவில்லை, இயந்திரமும் வரவில்லை. ஆபத்தான கட்டடம் முற்றாக அகற்றப்பட்டது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அன்று மாலை மழை பிடித்தது. பேட்ரிசியா திடலுக்குப் போய், ரேமண்ட் விழுந்த இடத்தில் நின்றார். ஏறக்குறைய ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அங்கே ஒருவர் தலை முதல் கால் வரை நனைந்தார். சாலையில் குடையோடு நின்றவர்கள் அதைப் பார்த்து, சரி, இடித்துத்தான் விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.